நிறுத்தி வைத்த தலையணை

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்ததும் சலவைக்கடைக்காரம்மாவுக்கு மயக்கம் வராத குறைதான். பேரைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே அட்டை, அதே மாத்திரை. இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டு வந்த பிறகு, ரத்தம் உறையாமல் இளக்குவதற்காக அவள் புருஷன் தினமும் விழுங்கிய மாத்திரை. மண்டைக்குள் ரத்தம் கசிந்து அவர் போய்ச் சேர்ந்த நாள்வரை விழுங்கியது.

அட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்கே திரும்பிப் போனாள்.

“வேற ஏதாவது குடுங்க. ஊசின்னாலும் பரவால்ல, போட்டுக்கறேன்.”

டாக்டரம்மா பொறுமைசாலி. அவள் புருஷனுக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான் என்பதால் மாத்திரையைப் பற்றி எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நாள் பூரா நின்னு நின்னு இஸ்திரி போட்டு உங்க கால் நரம்புல ரத்தம் கட்டியிருக்கு. அது நகந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா அதுக்கப்புறம் நான் எந்த மாத்திரையும் எழுத வேண்டியிருக்காது. இத பயந்துக்கிட்டு நிறுத்தவும் கூடாது, பயமே இல்லாம முழுங்கவும் கூடாது. மாசாமாசம் ரத்தம் குடுத்து, எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பாப்போம். ஈறுலயோ மூக்குலயோ ரத்தம் வந்தா, அடிபடாமலே உடம்புல நீலம் பாரிச்சா, வெளிக்குக் கறுப்பா போனா, அன்னைக்கே வந்து சொல்லணும். முக்கியமா, நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. அது வயித்தப் புண்ணாக்கி ரத்தத்தத் தொறந்து விட்டுரும்.”

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். புருஷனோடு வந்து உட்கார்ந்திருந்த காலத்திலும் இப்படித்தான் ஆட்டினாள். மாதம் தவறாமல் டாக்டரம்மா அவரிடம், “ரத்தம் ஏதாவது வந்துச்சா?” என்று கேட்பார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அவர் சுவரைப் பார்ப்பார். அவருக்குப் பதிலாக இவள் சொல்லுவாள்: “ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.” சொல்வதில் ஒரு பெருமை வேறு. அவர் நினைவில்லாமல் கிடந்த அன்றைக்கும் டாக்டரம்மா அதையே கேட்டார். கொஞ்ச நாளாகவே எங்காவது கசிந்திருக்க வேண்டுமே, கவனிக்கவில்லையா என்றார். இவள் ‘இல்லையே’ என்றாள். டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஒரே கட்டிலில் படுத்திருந்தாயே என்று கேட்காமல் கேட்ட பார்வை. அந்தப் பார்வை அவளுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சலவைக்கடை கீழே, வீடு மாடியில். கடையில் இவளுக்கு இஸ்திரி மேசை, அவருக்குக் கறை மேசை. வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினார்கள். மசி, எண்ணெய், துரு, ரத்தம், எந்தக் கறையானாலும் அது எப்போது பட்டது, எதில் பட்டது என்று துணியை மோந்தே சொல்லிவிடுவார். உறையைக் கழற்றாமலே தலையணையில், மெத்தையில் கறை எடுப்பது அவருடைய தனிப் பெருமை. குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, தட்டித் தட்டி ஒற்றி எடுக்க ஒரு துணி. “ரத்தத்துக்குச் சுடுதண்ணி காட்டினா அது குடியேறிடும்” என்பார். எடுத்து முடித்ததும் தலையணையைப் படுக்கப்போட மாட்டார். இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும் என்று சுவரோரமாக நிமிர்த்தி நிறுத்தி வைப்பார். கடையில் வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

இப்போது கறை மேசையில் நிற்பது அவருடைய தங்கை. ஐம்பதைத் தாண்டி, தலை பாதி வெளுத்த பிறகும் அவள் ‘குட்டி’தான். கடைசியாகப் பிறந்தவர்களுக்கு வீடு கொடுக்கிற ஆயுள் தண்டனை அது. கல்யாணம் கூடிவராமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று அண்ணி கேலி செய்வாள். குட்டியிடம் சொன்ன விஷயம் கிணற்றில் போட்ட கல். அதை ஒரு நல்ல குணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், குட்டி உட்பட.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் ஒரு வம்பும் இல்லை. பிறகு தோள் வலி வந்தது. நாளெல்லாம் நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுகிற தோள் வலிக்காமல் என்ன செய்யும்? மருந்துக் கடைக்காரரிடம் வழக்கமாக வாங்கும் வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது மறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. தோளுக்குப் போடுவதையெல்லாம் ஒரு மாத்திரையாகவே அவள் கணக்கில் வைத்ததில்லை. டாக்டர் சொன்னது வேறு எதையோ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் வாயில் இரும்புச் சுவையோடு கண் விழித்தாள். தலையணையில், கன்னம் பட்ட இடத்தில், சிவப்பாக ஒரு திட்டு. பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னத் திட்டுகள். தூக்கிவாரிப் போட்டது. வாயைக் கொப்பளித்தாள், ஈறிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வந்தது. எவ்வளவு பயந்தாலும் கால் பழகிய வழியில்தான் போகும். கீழே இறங்கி பாய்லரைப் பற்ற வைத்துவிட்டு, தலையணையை என்ன செய்வது என்ற யோசனையோடு மேலே வந்தாள்.

தலையணை சுவரோரமாக நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

உறை வெள்ளை வெளேரென்று இருந்தது. கறை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம், சில்லென்ற ஈரம். கட்டிலில் அவருடைய தலையணை, அவர் போன நாளிலிருந்து யாரும் தலை வைக்காமல், எப்போதும் கிடக்கிற இடத்தில் கிடந்தது. அறையில் யாரும் இல்லை. அவள் முதுகுத்தண்டில் ஒரு நடுக்கம் மேலேறியது. ஆனால் அது போனதும் மிச்சம் நின்றது பயமில்லை. பயமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“வந்தீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

குட்டி மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால், வரவில்லை. அந்த நேரத்தில் குட்டி தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி விடுதிக்கு அழுக்கு விரிப்புகளை வாங்கப் போயிருப்பாள் என்று ஒரு நினைப்பு. வண்டிச் சக்கரம் எப்போது சத்தம் போடுகிறது என்று ஒரே ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்ட மனசைப்போலக் கெட்டிக்கார மனசு உலகத்தில் கிடையாது.

மறுநாளும் ரத்தம். மறுநாளும் அவள் பாய்லரைப் பற்ற வைத்துவிட்டு வந்தபோது தலையணை நின்றது. அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் கண் திறந்ததும் நாக்கால் ஈறைத் தடவிப் பார்ப்பாள். இரும்புச் சுவை இருந்தால் முகம் மலர்ந்துவிடும். தலையணையை அப்படியே கறை தெரிய விட்டுவிட்டு இறங்குவாள். பாய்லர் அறையில் தேவைக்கு மேல் கொஞ்சம் நின்று, அவர் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று நேரம் கொடுத்து, பிறகு படியேறுவாள். ஈரத்தில் கை வைத்தபடி அன்றைய சேதிகளைச் சொல்லுவாள். விடுதிக்காரன் மறுபடி விரிப்பில் சிகரெட் ஓட்டை போட்டுவிட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறான். நீராவிக் குழாய் ஒழுகுகிறது. குட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை. உயிரோடு இருந்தபோது அவரோடு இவ்வளவு பேசியதில்லை. அப்போது இரண்டு பேருக்கும் நேரமில்லை.

நடுவில் ஒரு வாரம் தோள் வலி குறைந்தது. வலி மாத்திரையை நிறுத்தினாள். ரத்தம் நின்றுபோனது. அந்த வாரம் முழுக்கத் தலையணை அவள் விட்டுப் போனபடியே படுத்துக் கிடந்தது. வெள்ளையாக, காய்ந்து, ஒரு சுரணையும் இல்லாமல் கிடந்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாடிக்கையாளர்களிடம் வள்ளென்று விழுந்தாள். அந்த வாரக் கடைசியில் மருந்துக் கடைக்குப் போனாள். தோள் வலி என்று கடைக்காரரிடம் சொன்னாள். பொய். அவளுக்குத் தெரிந்தே சொன்ன பொய். என்ன செய்கிறோம் என்று தெரிந்து, எதற்கு என்றும் தெரிந்து, வெறும் வயிற்றில் இரண்டு வலி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த காலை தலையணை நிமிர்ந்து நின்றது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உடம்பு சும்மா இருக்குமா? இஸ்திரி மேசை விளிம்பு லேசாக உரசினாலே கையில் கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தாள். மாடிப்படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வெளிக்குக் கறுப்பாகப் போக ஆரம்பித்த அன்று, டாக்டரம்மா சொன்னது வார்த்தை பிசகாமல் காதில் கேட்டது. கேட்ட கையோடு தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள். இப்படியே போனால் போய்விடுவோம் என்பது அவளுக்குத் தெரியும். போனால் என்ன, அவர் வந்து கூட்டிக்கொண்டு போகத்தானே போகிறார் என்றும் ஒரு நினைப்பு. இதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார்கள். சொல்லவில்லை.

மாதாந்திரப் பரிசோதனைக்குக் குட்டிதான் கூட வந்தாள். ரத்தம் உறையும் அளவு சரியாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலி மாத்திரை செய்கிற அக்கிரமம் அந்தப் பரிசோதனையில் அகப்படாது. வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

“அளவு நல்லா இருக்கு. ஆனா ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? ரத்தம் ஏதாவது வந்துச்சா?”

“இல்ல டாக்டரம்மா.”

டாக்டரம்மா குட்டியைப் பார்த்தார். “நீங்க ஏதாவது பாத்தீங்களா?”

குட்டி தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்லீங்க” என்றாள்.

வேறு மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டதற்கும் கடைக்காரம்மா இல்லை என்றாள். இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு மறுவாரம் வரச் சொல்லி அனுப்பினார். தெருவில் இரண்டு பேரும் நடந்தார்கள். பொய் சொன்னது தான் மட்டும்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. இவ்வளவு நாள் வருகிறார், ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன? முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், முதுகைப் பார்த்தால் போதும். காலையில் எழுந்து வழக்கம்போல் இறங்கினாள். பாய்லர் பக்கமே போகவில்லை. கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரைக்கிற மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாள். அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் பிழிகிற சத்தம் கேட்டது.

கட்டில் பக்கத்தில் மண்டி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம். கறை எடுக்கும்போது அவர் கட்டிக்கொள்கிற கறுப்பு ரப்பர் அங்கி. அவர் கட்டுகிற மாதிரியே பின்னால் இடது பக்கம் தள்ளிப் போட்ட முடிச்சு. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், உப்புத் தட்டு. தலையணைமேல் துணி தட்டித் தட்டி இறங்குகிற சத்தம், அவசரமே இல்லாமல், அவர் கை தட்டுகிற அதே நிதானத்தில்.

“ஏங்க” என்றாள்.

உருவம் திரும்பியது. குட்டி.

கடைக்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குட்டியின் கையிலிருந்த துணி சொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க பாத்தா பயந்து மாத்திரைய நிறுத்திருவீங்கன்னுதான் அண்ணி” என்றாள் குட்டி. “நிறுத்தினா நுரையீரலுக்குப் போயிரும்னு சொன்னாங்களே. மொத நாள் ஜன்னல் சாத்தலாம்னு வந்தேன், ரத்தத்தப் பாத்தேன். நீங்க கவனிக்கலன்னு நெனச்சேன்.”

“தெனமும் கவனிக்கலன்னா நெனச்ச?”

குட்டி சொட்டிய துணியைப் பிழிந்தாள். அவளும் யோசிக்க வேண்டாம் என்று முடிவு கட்டிய ஆள்தானே. குடும்பமே அப்படித்தான்.

கடைக்காரம்மா தலையணையைப் பார்த்தாள். அதைத் தட்டிய கையைப் பார்த்தாள். பழகிய கை அது. நேற்று இன்று பழகிய கை இல்லை.

“குட்டி. அவரோடதையும் நீதான் தொடச்சியா?”

குட்டி துணியைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு எடுத்தாள். மறுபடி போட்டாள்.

“சொல்லு.”

“அண்ணன்தான் சொல்லாதன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துருவீங்க, ஈறுல ரெண்டு சொட்டு வர்றதுக்கு எதுக்கு ஊரக் கூட்டணும்னாரு. நீங்க பாய்லருக்குப் போனதும் மொதல்ல அவரே தொடச்சாரு. அப்புறம் குனிய முடியலன்னு என்னையக் கூப்பிட்டாரு. கறை எடுக்க அப்பா எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் கத்துக் குடுத்தாரு.”

“ரொம்ப நாளா?”

“ரொம்ப நாள்.”

கத்த வேண்டும்போல் இருந்தது, மூச்சு இல்லை. டாக்டரம்மா மாதாமாதம் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் தெரிந்திருந்தால் அவர் இப்போது கறை மேசையில் நின்று துருக்கறை பட்ட சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில்லாதவள் என்று தன்னைத் தானே எத்தனை நாள் கரித்துக் கொட்டியிருக்கிறாள். கண் இருந்தது. பார்க்க எதையும் மிச்சம் வைக்கவில்லை, அண்ணனும் தங்கையும் அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறார்கள்.

“டாக்டர்கிட்ட சொல்லிருவோம் அண்ணி” என்றாள் குட்டி. “இப்பவே போவோம். வண்டி கூப்பிடறேன்.”

“வேண்டாம்.”

“நீங்க ரொம்ப வெளுத்துட்டீங்க.”

“சொன்னா ரத்தத்த நிறுத்திருவாங்க.”

“நிறுத்தினா நல்லதுதானே?”

“ரத்தம் நின்னா அவர் வரமாட்டாரு குட்டி.”

குட்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் கோணிக்கொண்டு போனது. “அண்ணி, அது நான்” என்றாள். “அண்ணன் இல்ல. நான்தான்.”

“தெரியுது. இப்பத் தெரியுது. இருந்தாலும் வேண்டாம்.”

தெரிந்தபிறகும் வேண்டாம் என்கிறவளை என்ன செய்வது? குட்டி எழுந்தாள். பிறகு அங்கியை அவிழ்த்து மடித்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“நான் இனிமே தொடைக்க மாட்டேன் அண்ணி. ஒரு தடவ தொடச்சுத் தொடச்சே அண்ணன அனுப்பி வச்சுட்டேன். இன்னொரு தடவ என்னால ஆகாது.”

குட்டி அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலும் இரும்புச் சுவை வந்தது. கடைக்காரம்மா கறையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போனாள். பாய்லரைப் பற்ற வைத்தாள். எப்போதும் நிற்பதைவிட அதிக நேரம் நின்றாள். மேலே வந்து பார்த்தால் தலையணை படுத்துக் கிடந்தது, கறை கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தாள். சிவப்பு போய் ஓரங்களில் பழுப்பு ஏறியிருந்தது. கீழே குட்டி கறை மேசைக்குப் பின்னால் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் குவிந்து கிடந்த எதையும் தொடவில்லை. அந்தக் கைகள் சும்மா இருந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் கறை முழுப் பழுப்பாகிவிட்டது. காய்ந்த ரத்தம் எப்படி இருக்கும் என்று சலவைக்காரிக்குத் தெரியாதா? ஊரார் துணியில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக் கட்டிலில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கட்டிலின் அந்தப் பக்கம் அவருடைய தலையணை கிடந்தது. அவர் போனதிலிருந்து அதைத் தொட்டதில்லை, வாசனை போய்விடும் என்று. இப்போது என்ன தோன்றியதோ, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உறையை உருவினாள்.

உறை மட்டும்தான் வெள்ளை. உள்ளே தலையணை முழுக்க வளையம் வளையமாகப் பழுப்பு. ஒவ்வொரு காலையும் தண்ணீர் வைத்துத் தட்டித் தட்டி எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் மேலே துணிக்கு வந்திருக்கிறது, மிச்சம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, சில இடத்தில் இருட்டாக, ஓரத்தில் வெளிறி. இதன் மேல் தலை வைத்துத்தான் அவர் படுத்திருந்தார். ஒரு முழம் தள்ளி அவள் படுத்திருந்தாள். டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இத்தனை நாளும் இங்கேயே, அவள் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

விரலால் ஒவ்வொரு வளையமாகத் தொட்டாள். ‘எவ்வளவு வலிச்சுதோ, எவ்வளவு பயந்தாரோ, என்கிட்ட சொல்லலையே’ என்று வாய்விட்டு அழுதாள். அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று இவ்வளவு நாள் அடக்கி வைத்த கோபம். செத்த பிறகு வந்து தலையணை துடைத்தாராம். இருக்கிறபோது ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. அழுது முடித்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, காதில் இரைச்சல் கேட்டது. உடம்பில் அழுவதற்கான ரத்தம்கூட மிச்சமில்லை என்று தோன்றியது.

“குட்டி” என்று கூப்பிட்டாள். சத்தம் எழும்பவில்லை. கட்டில் காலைத் தட்டினாள். “குட்டி, வண்டி கூப்பிடு.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வந்து கையைப் பிடித்து நாடி பார்த்தபோது, கடைக்காரம்மா அவர் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாள். ஈறில் வருகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, வலி மாத்திரை போடுகிறேன், வலியில்லாதபோதும் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் அவசரமாகக் குழாய் குத்திக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் புண்ணாகிக் கசிகிறது, உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா யாரிடமோ சொன்னார். நகரப் போனவரின் கையைக் கடைக்காரம்மா விடவில்லை.

“அவருக்கும் வந்துச்சு டாக்டரம்மா.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்கு. கேட்டீங்களே, வந்துச்சான்னு. இல்லன்னு சொன்னேன். வந்துச்சு. ரொம்ப நாளா வந்துச்சு. எனக்குத் தெரியாது டாக்டரம்மா, சத்தியமா தெரியாது.”

டாக்டரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பிடித்திருந்த கையை அவரும் விடவில்லை. பிறகு, “சரிம்மா. சொல்லிட்டீங்கல்ல, இப்பப் படுங்க” என்று அவள் தலையைப் பிடித்து மெல்லத் தலையணையில் வைத்தார். சுவரோரம் நின்ற குட்டி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

புண் ஆறுகிறவரை அங்கேயே இருந்தாள். வலி மாத்திரைக்குத் தடை. வயிற்றுக்குத் தனி மாத்திரை. ரத்தத்தை இளக்குகிற மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு பார்த்துப் பார்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். அதை விட முடியாது. பல் துலக்க மென்மையான பிரஷ், தோளுக்கு வெந்நீர் ஒத்தடம், நின்று வேலை செய்வதற்கு நடுவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வது என்று குட்டியிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார்கள். குட்டி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இந்த முறை கிணற்றில் கல் போடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் கடைக்காரம்மா கண் விழித்தாள். நாக்கால் ஈறைத் தடவினாள். சுவை எதுவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து தலையணையைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ந்திருந்தது. கீழே பாய்லர் பற்றுகிற சத்தம் கேட்டது. குட்டி இவளை எழுப்பாமல் தானே போய்ப் பற்ற வைத்திருக்கிறாள். கடைக்காரம்மா கட்டிலை விட்டு இறங்காமல், கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

வெகு நேரம் கழித்துக் குட்டி டீயோடு வந்தாள்.

“ரத்தம் ஏதாவது வந்துச்சா அண்ணி?”

“வரல.”

“அப்பாடா” என்று குட்டி டம்ளரை வைத்தாள். வைத்த பிறகுதான் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். “நல்ல விஷயத்துக்கு எதுக்கு அழறீங்க?”

கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“அவரு போயிட்டாரு குட்டி” என்றாள், யாரோ இப்போதுதான் வந்து சேதி சொல்லிவிட்டுப் போனது மாதிரி.

குட்டி கட்டிலில், அண்ணன் படுக்கிற பக்கமாக உட்கார்ந்தாள்.

“ஆமா அண்ணி” என்றாள்.